கோயம்புத்தூரிலிருந்து வந்த சூடு

அம்பத்தூரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் மேற்கு ஜன்னலை யாரும் திறக்க மாட்டோம். அந்தப் பக்கம் ஒரு காலிமனை. ஊரிலுள்ள சாக்கடையெல்லாம் அதில்தான் வந்து தேங்கும். திறந்தால் கொசு ஊர்வலமாக வரும். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடையில் மட்டும் அந்த ஜன்னல் தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குத் திறந்தது. கோயம்புத்தூர் மேற்கே இருக்கிறது, அங்கிருந்து வருகிற சக்தி அந்த வழியாகத்தான் வீட்டுக்குள் நுழையும் என்று அம்மா முடிவு செய்திருந்தாள். மேப்பில் பார்த்தால் கோயம்புத்தூர் தென்மேற்கு. அதைச் சொல்லிப் பார்த்தேன். தென்மேற்கு மூலையில் அரிசி டிரம் இருந்தது. அதை நகர்த்த ஆளில்லை. அதனால் மேற்கு என்றே வைத்துக்கொண்டோம்.

எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் பவர் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். கை தகட்டைத் தள்ளும், வலது கால் பெடலை மிதிக்கும், மேலிருந்து அச்சு இறங்கி வெட்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றபடி இதுதான் வேலை. அவருடைய அப்பா பாரிவாக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர். குடும்பத்தில் முதல்முதலாக மாதச் சம்பளம் என்று ஒன்றைப் பார்த்தது நைனாதான். பெண்பிள்ளைதானே என்று நினைக்காமல் என்னைப் பன்னிரண்டாவது வரை படிக்க வைத்ததும், நான் துணி ஏற்றுமதிக் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்ததும், எல்லாம் அந்த வலது கால் மிதித்த மிதிதான்.

அவருக்குச் சர்க்கரை வந்து பல வருஷம் ஆகியிருந்தது. பாதம் இரண்டும் மரத்துப் போயிருந்தன. செருப்பு கழன்று தெருவில் கிடக்கும், இவர் பாட்டுக்கு நடந்து வீடு வந்து சேருவார். நாங்கள் சிரிப்போம், அவரும் சிரிப்பார். அது சிரிக்கிற விஷயமில்லை என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் காதில் வாங்கியிருக்க மாட்டோம்.

கோயம்புத்தூர் அம்மா எங்கள் கதைக்குள் வந்தது அதற்கு முந்தின வருஷம். நைனாவுக்குத் தோள்பட்டையில் வலி. கையைத் தூக்க முடியவில்லை. கூட வேலை செய்கிறவர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வில்லிவாக்கத்துக்கு அழைத்துப்போனார். அங்கே ஒரு டியூஷன் சென்டரில், ஏதோ ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு அம்மா, தொடாமலே வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆளை எதிரில் உட்காரவைத்து, உடம்புக்கு ஒரு சாண் தள்ளிக் காற்றில் கையால் வாரி வாரி எடுத்து, பக்கத்தில் வைத்திருக்கும் உப்புத் தண்ணீர் பேசினில் உதறுவார். காசு வாங்க மாட்டார். நைனாவுக்கு வலி போய்விட்டது. வலி போனது உண்மை. மெடிக்கல் லீவு போட்டுக்கொண்டு அவர் வீட்டில் படுத்துக் கிடந்ததும் உண்மை. எதனால் போனது என்று எனக்கும் அவருக்கும் சண்டை நடக்கும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பேசினில் உதறிய வலியைப் பிறகு எந்தச் சாக்கடையில் ஊற்றினார்கள், அது யார் தோளில் ஏறியது என்று கேட்பேன். நைனாவுக்குக் கோபம் வராது, அம்மாவுக்கு வரும்.

பிறகு அந்த அம்மா தன் மகள் வீட்டோடு கோயம்புத்தூருக்கே போய்விட்டார். போகும்போது, தூரம் ஒரு தடையே இல்லை, உடம்புக்கு எதுவென்றாலும் போன் பண்ணுங்கள், உட்கார்ந்த இடத்திலிருந்தே அனுப்புகிறேன் என்று சொல்லி எல்லாரிடமும் ஒரு போட்டோ வாங்கிக்கொண்டு போனார். நைனா கம்பெனி அடையாள அட்டைக்கு எடுத்த படத்தில் மிச்சமிருந்த ஒன்றைக் கொடுத்தார். சட்டைப் பொத்தானை மேல்வரைக்கும் போட்டுக்கொண்டு முறைத்தபடி இருக்கும் மார்பளவுப் படம்.

அடுத்த வருஷம் ஏப்ரலில் செருப்பில் கிளம்பியிருந்த ஆணி நைனாவின் பாதத்தில் ஏறியது. எப்போது ஏறியது என்று அவருக்கே தெரியாது. வீட்டுக்குள் ரத்தக் கால்தடம் பார்த்து அம்மாதான் கத்தினாள். மஞ்சள் வைத்துக் கட்டினோம். ஆறவில்லை. சுண்டுவிரலும் பக்கத்து விரலும் நிறம் மாறின. ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் பார்த்துவிட்டு, இரண்டு விரலை எடுத்துவிட்டால் கால் பிழைத்துக்கொள்ளும் என்றார். நல்லவிதமாகத்தான் சொன்னார். நைனாவின் காதில் 'எடுத்துவிட்டால்' என்பது மட்டும்தான் விழுந்தது.

அதற்குக் காரணம் இருந்தது. அவர் கம்பெனியில் இதே சர்க்கரைக்காரர் ஒருவர் விரலை எடுக்கப் போய், பிறகு பாதம், பிறகு முட்டி என்று மேலே மேலே எடுத்து, கடைசியில் பொட்டலமாக வீடு வந்தார். அவரைச் சுடுகாட்டுக்குத் தூக்கிப்போன நாலு பேரில் நைனாவும் ஒருவர். "அவன் பாரமே இல்லடி" என்று அம்மாவிடம் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்தப் பயத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கத்தி வைத்தால் பெடலும் போகும், பெடல் போனால் நாமும் போவோம் என்றுதான் அவர் நினைத்தார். அதில் தப்பும் இல்லை, பென்ஷன் கிடைக்கிற கம்பெனியா அது.

அப்போதுதான் அம்மா அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்க் கோயம்புத்தூருக்குப் பேசினாள். நைனா வெளியே நின்றுகொண்டார். அந்த அம்மாவிடம் நேரடியாகப் பேச அவருக்குக் கூச்சம். கால்ல ரணம், ஆற மாட்டேங்குது, வெட்டணும்னு சொல்றாங்க என்று அம்மா சொன்னாள். தினமும் ஏழு மணிக்கு உட்காரச் சொல்லுங்கள், நான் அனுப்புகிறேன் என்றார் அவர். ஒன்று சொல்ல வேண்டும். மாத்திரையை நிறுத்துங்கள் என்றோ டாக்டரிடம் போகாதீர்கள் என்றோ அந்த அம்மா ஒருநாளும் சொல்லவில்லை. அதெல்லாம் எங்கள் வீட்டில் நாங்களாகச் சேர்த்துக்கொண்டது.

ஏழு மணி ஆனால் டிவி அணைந்துவிடும். ஜன்னலுக்கு எதிரே ஒயர் நாற்காலியைப் போட்டு, பெல்ட்டைக் கழற்றிவிட்டு, இரண்டு உள்ளங்கையையும் மேல்பார்க்கத் தொடையில் வைத்து நைனா உட்காருவார். ஜன்னலுக்கும் அவருக்கும் குறுக்கே யாரும் போகக்கூடாது. எனக்கோ அப்போதுதான் கொல்லைப்பக்கம் போக வேண்டியிருக்கும். அடுக்களை வழியாகச் சுற்றிக்கொண்டு போவேன். கொசுவத்தி கொளுத்தினால் புகை தடுக்குமா என்று அம்மாவுக்குச் சந்தேகம் வந்து அதற்கும் ஒரு போன் போட்டாள். அந்த அம்மா சிரித்துவிட்டு, தாராளமாகக் கொளுத்துங்கள் என்றாராம். ஒருநாள் சரியாக ஏழு மணிக்குக் கரண்ட் போனது. அம்மா பதறினாள். நைனா கண்ணைத் திறக்காமலே, "அது வேற கரண்ட்டு" என்றார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் ஒன்று எனக்குச் சிரிப்பாக இல்லை. உட்காருவதற்கு முன்னால் அம்மா காலில் இருக்கும் கட்டை அவிழ்த்துவிடுவாள். துணி மூடியிருந்தால் உள்ளே இறங்காதாம். திறந்த புண்ணைத் திறந்த ஜன்னலுக்குக் காட்டியபடி அவர் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார். டிரெஸிங் பண்ண ஆஸ்பத்திரிக்குப் போவதும் நின்றுபோனது. போனால் விரலை எடுக்க டாக்டர் தேதி கேட்பார். நான் சத்தம் போட்டேன். நீ கூடவே இருந்துகினு சந்தேகப்பட்டா எப்டி வேலை செய்யும் என்று அம்மா என் மேல் திருப்பினாள். அதற்குப் பிறகு என்ன பேசினாலும், ஆறாததற்கு நான்தான் காரணம் என்று ஆகிவிடும். இப்படி ஒரு பூட்டை யார் கண்டுபிடித்தார்களோ.

மே மாதம் பாதி போயிருக்கும். ஒரு சாயங்காலம் உட்கார்ந்து முடித்த பிறகு அம்மா கட்டுப்போடக் குனிந்தாள். பாதத்தில் கை வைத்தவள் அப்படியே நின்றாள்.

"சுடுது" என்றாள். "காலு சுடுதுய்யா."

நைனா கண்ணைத் திறந்தார். "எனக்கும் தெரியுது" என்றார். "உள்ள கணகணன்னு கீது."

எத்தனை வருஷமாகச் செருப்பு கழன்றாலும் தெரியாத கால். ஆணி ஏறினாலும் தெரியாத கால். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் காலு எனக்குத் தெரியுது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வந்து தொட்டுப் பார் என்று என்னைக் கூப்பிட்டார். தொட்டேன். இட்லிப் பானை மூடி மாதிரி சுட்டது. இன்னொரு காலையும் தொட்டேன், அது சில்லென்று இருந்தது. நான் தர்க்கம் பேசலாம், கேலி பேசலாம், கையில் சுடுகிற சூட்டை என்ன சொல்லி மறுப்பது?

அம்மா அப்போதே பூத்துக்கு ஓடினாள். கூட நானும் போனேன். ரிசீவரை எங்கள் இரண்டு பேர் காதுக்கும் நடுவில் வைத்துக் கேட்டோம். "ரொம்ப சந்தோஷம்மா. நல்லா வாங்கிக்கிறார். நான் இன்னும் கொஞ்ச நேரம் கூட்டி உட்கார்றேன்" என்றது அந்தக் குரல். உண்மையான சந்தோஷம் அதில் இருந்தது. ராத்திரி அம்மா சேமியா பாயசம் வைத்தாள். நைனாவுக்கு மட்டும் சர்க்கரை போடாமல்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் நடந்ததை இப்போது எழுதும்போதும் கை கூசுகிறது. அம்மா தினமும் புறங்கையை வைத்து அந்தச் சூடு எதுவரை வந்திருக்கிறது என்று பார்த்தாள். முதலில் விரல். பிறகு பாதம். "இன்னிக்குக் கணுக்கால் வரைக்கும் வந்துட்சு" என்று அவள் சொன்னபோது பக்கத்து வீட்டு அக்கா வந்து தொட்டுப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கால் வீங்கிப் பளபளவென்று சிவந்தது. வத்தலாக இருந்த காலுக்குச் சதை பிடித்திருக்கிறது என்றார்கள். வாடை வந்தது. கெட்டது வெளியே போகிறது என்று சொல்லி அம்மா ஊதுவத்தி ஏற்றினாள். போனில் இதையெல்லாம் அவள் சொல்லும்போது சூடு ஏறுவதை மட்டும் சொன்னாள். வாடையைச் சொல்லவில்லை, அது மரியாதையில்லை என்று நினைத்திருப்பாள். கோயம்புத்தூருக்கு வாடை போகாது. நேரில் இருந்திருந்தால் அந்த அம்மாவே மூக்கைப் பொத்திக்கொண்டு, எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போ என்று விரட்டியிருப்பார். இதை நான் இன்றைக்கும் நம்புகிறேன்.

சனிக்கிழமை வேலை முடிந்து வந்தபோது நைனா கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார். வெளியே அனல். கம்பளியை விலக்கினேன். சிவப்பு முழங்காலைப் பார்த்து ஏறிக்கொண்டிருந்தது. பாதத்தில் ஒரு பக்கம் கறுத்திருந்தது. தெருமுனைக்கு ஓடி ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்தேன்.

அப்போது ஏழு ஆகப்போகிறது. நைனா நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். உட்கார்ந்துவிட்டுப் போகலாம் என்றார். பல் தந்தியடிக்கிறது, ஆனாலும் விட மாட்டேன் என்கிறார். அம்மா ஜன்னலைத் திறந்துவிட்டாள். நான் கத்தினேன், அழுதேன். ஆட்டோக்காரர் என்ன தாமதம் என்று உள்ளே வந்தவர், வாடைக்குத் தோள் துண்டை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். விஷயத்தை நான் சொன்னேன். அவர் பொறுமையாகத்தான் சொன்னார்.

"அண்ணாத்தே, கோயம்பத்தூர்லேர்ந்து இங்க வர்றது ஆஸ்பத்திரிக்கு வராதா? ஏறு முதல்ல."

நைனா அவரைப் பார்த்தார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "நான் ஆஸ்பத்திரிக்குப் போறது அவுங்களுக்குத் தெரியாதேப்பா. அவுங்க இந்த ஊட்டுக்குத்தான அனுப்பினு கீறாங்க. வந்து நின்னு, ஆளில்லைன்னு திரும்பிப் போய்டும்."

நின்றோம். ஜுரத்தில் கொதிக்கிற ஆள் உள்ளங்கையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, நாங்கள் மூன்று பேரும் அடுக்களைப் பக்கம் ஒதுங்கி, குறுக்கே போகாமல் நின்றோம். நினைத்துப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. கொஞ்ச நேரத்தில் அவர் தலை சரிந்தது. நாற்காலியோடு விழப் போனவரை ஆட்டோக்காரர் ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டார். அவரும் நானுமாகத் தூக்கிக்கொண்டு போய் ஏற்றினோம்.

நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் முட்டிக்குக் கீழே எடுத்தார்கள். எடுப்பதற்கு முன்னால் ஒரு இளம் டாக்டர், இந்தக் கால் எப்போதிலிருந்து சுடுகிறது என்று கேட்டார். அம்மா சொன்னாள். முதலில் விரல், பிறகு பாதம், பிறகு கணுக்கால் என்று ஒழுங்காக, ஒன்றுவிடாமல் சொன்னாள். அவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தவளை அவர் ஆச்சரியமாகப் பார்த்தார்.

"அது சீழும்மா. ஏறிக்கினே வந்திருக்கு" என்றார். "சூடு தெரிஞ்ச அன்னிக்கே கூட்டினு வந்திருந்தா விரலோட போயிருக்கும்."

அம்மா தன் புறங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். அவளிடம் சண்டை போட நான் வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்த வார்த்தைகளை அந்தக் கையைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டேன்.

அந்த வார்த்தைகள் எங்கேயாவது போக வேண்டுமே. கோயம்புத்தூருக்கு என்று எடுத்து வைத்தேன். நல்ல சந்தர்ப்பமும் அமைந்தது. நைனாவுக்கு நினைவு தெளிந்து, கால் இல்லை என்று தெரிந்து, ஒரு பகல் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்துவிட்டு, பிறகு முதலில் கேட்டதே அந்த அம்மாவைத்தான். "அவுங்களுக்குச் சொல்லிடு கண்ணு" என்றார். "பாவம், தெனமும் உக்காந்துகினு அனுப்பிக்கினே இருப்பாங்க."

ஆஸ்பத்திரி வாசலில் இருந்த பூத்தில் வரிசையில் நின்றேன். என்ன சொல்ல வேண்டும் என்று மனப்பாடமே செய்துவைத்திருந்தேன். நீங்கள் அனுப்பியது என்ன தெரியுமா என்று ஆரம்பிக்க வேண்டும். உங்கள் வீட்டு ஆளாக இருந்தால் இப்படித் தூரத்திலிருந்து பார்ப்பீர்களா என்று முடிக்க வேண்டும். நடுவில் இன்னும் நிறைய இருந்தது.

அவரேதான் போனை எடுத்தார். நான் இன்னார் மகள் என்றதும், "எப்படிம்மா இருக்கார்? முழங்கால் வரைக்கும் வந்துடுச்சா?" என்று ஆசையாகக் கேட்டார்.

"காலை எடுத்துட்டாங்க" என்றேன்.

அந்தப் பக்கம் எங்கோ குக்கர் விசில் கேட்டது. அப்புறம் அவர் மெதுவாகக் கேட்டார்.

"எந்தக் காலும்மா?"

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அந்தக் கோடை முழுக்க நாங்கள் டிவியை அணைத்து, ஜன்னலைத் திறந்து, கட்டை அவிழ்த்துக் காட்டிக்கொண்டிருந்த அந்தக் காலுக்கு, அது எந்தக் கால் என்றே தெரியாமல் அவர் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். அவர் பொய் பேசுகிறவரில்லை. தெரியவில்லை, அதனால் கேட்டார். அழத் தொடங்கியிருந்தார். "வலது" என்று சொன்னேன். மனப்பாடம் செய்ததில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. போனை வைத்துவிட்டேன்.

வார்டுக்குத் திரும்பியபோது அம்மா அவருக்குக் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தாள். இன்னா சொன்னாங்க என்று நைனா கேட்டார். அழுதார்கள் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அவர் முகத்தில் அந்த நாட்களில் முதல்முதலாக ஒரு நிம்மதி தெரிந்தது.

"அவுங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும்" என்றார். "அங்க உக்காந்துகினு தெனமும் என் காலயே பாத்துகினு இருந்தவங்களாச்சே. எங்கிட்ட சொல்ல மனசு வந்திருக்காது."

அம்மா டம்ளரைப் பிடித்தபடி என்னையே பார்த்தாள்.

"ஆமா நைனா" என்றேன். "தெரிஞ்சிருந்துதாம்."